அல்லிராணி கோட்டையும் ஒரு தேசாதிபதியும்

மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து, தெற்கு நோக்கித் திரும்பி, வங்காலையும் நானாட்டானும் பின்னிட, அருவியாற்றுக்கு அப்பால் சென்றால் அரிப்பு என்னும் கடற்கரைக் கிராமம் எதிர்ப்படும். பனைகளும் முட்பற்றைகளும் உப்புக் காற்றுமாக விரிந்து கிடக்கும் அந்தக் கரையில், கடலை நோக்கிய ஒரு மேட்டின் விளிம்பிலே, பாழடைந்த மாளிகையொன்று நிற்கிறது. செங்கல்லும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய சுவர்கள், கூரை இல்லை, மேல்மாடியும் இல்லை. கடல் ஆண்டுதோறும் மேட்டைக் குடைந்து குடைந்து, சுவர்களில் ஒரு பகுதியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டது. எஞ்சி நிற்பதும் எத்தனை மாரிக்குத் தாங்குமோ என்று பார்ப்பவர் நெஞ்சு பதைக்கும்.

நான் அங்கு போனபோது, சற்றுத் தள்ளி நிழலில் அமர்ந்து கிழிந்த வலையொன்றைச் சீர்செய்துகொண்டிருந்தார் ஒரு முதியவர். வரலாற்றுப் பாடம் கற்பித்தே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு அந்த மாளிகையைக் கட்டியவர் யாரென்று தெரியும். ஆயினும் ஊரார் வாயால் கேட்கும் ஆசை விடவில்லை.

"ஐயா, இது ஆர் கட்டின கட்டிடம்?"

அவர் தலை நிமிர்த்தாமலே விடை சொன்னார். "அல்லிராணியின்ர கோட்டை. அந்தக் காலத்தில அவதான் இந்தக் கரை முழுக்க ஆண்டவ. முத்தெல்லாம் அவவுக்குத்தான் வந்தது."

"வெள்ளைக்காரத் தேசாதிபதி ஒருவர் கட்டினதெண்டு சொல்லுகினமே?"

"ஓம், படிச்ச ஆக்கள் வந்தால் அப்பிடியும் சொல்லுறவை," என்றார் பெரியவர். அவர் குரலில் ஏளனம் இல்லை. படித்தவர்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள் என்ற பொறுமைதான் இருந்தது.

அல்லி அரசாணி நம் நாட்டார் கதைகளின் நாயகி. பாண்டி நாட்டை ஆண்டவள் என்றும், ஆண்களை மதியாதவள் என்றும், அருச்சுனன் பெரும்பாடுபட்டு மணந்தவள் என்றும் கதை சொல்லும். இக்கரையார் அவளைத் தங்களுக்கே உரியவளாக்கிக்கொண்டார்கள். தெற்கே குதிரைமலையில் அவள் அரண்மனை இருந்தது என்பதும், முத்தைக் கொடுத்துக் குதிரை வாங்கினாள் என்பதும் இங்கே கர்ண பரம்பரை. வரலாற்றாசிரியன் இதை ஏற்கமாட்டான். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கு மாளிகை எழுப்பிய தேசாதிபதியின் பெயரை ஊர் துடைத்துவிட்டு, என்றுமே இருந்திராத ஓர் அரசியின் பெயரை அதன்மேல் எழுதிவைத்திருக்கிறதே, இது ஏன்? திரும்பும் வழியெல்லாம் இக்கேள்வி என்னை விடவில்லை.

அந்தத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த். இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதி. நான் வகுப்பில் அவரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த குறிப்பு இப்போதும் நினைவிருக்கிறது. "நோர்த் ஒரு மிதவாதி. சித்திரவதையை ஒழித்தார். நீதிமன்றம் நிறுவினார். பாடசாலைகளைத் திறந்தார். கண்டிப் போரில் தோல்வியுற்றார்." இவ்வளவுதான். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்; பரீட்சையில் திருப்பி எழுதினார்கள்; நானும் புள்ளி வழங்கினேன். அந்தக் கடைசி வாக்கியம் முதல் மூன்று வாக்கியங்களோடு எப்படி ஒட்டுகிறது என்று எந்த மாணவனும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நோர்த் பெருங்குடியில் பிறந்தவர். அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த காலத்தில் இங்கிலாந்தின் பிரதம மந்திரியாயிருந்த நோர்த் பிரபுவின் மகன். 1766ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையிலேயே கிரேக்க மொழியிலும் கிரேக்கர் கலைகளிலும் அடங்காத காதல் கொண்டு, கோர்பு தீவுக்குச் சென்று, 1791இல் கிரேக்க வைதிகத் திருச்சபையிலேயே இரகசியமாகச் சேர்ந்துவிட்டார் என்றால் அவர் மனப்போக்கை ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் சிலகாலம் பாராளுமன்ற உறுப்பினர். அதன்பின் கோர்சிக்காத் தீவு ஆங்கிலேயர் கையில் இருந்த குறுகிய காலத்தில் அங்கு அரசாங்கச் செயலாளர். தீவுகளில் வாழவே பிறந்தவர் போலும்! 1798 ஒக்டோபரில் கொழும்பில் வந்திறங்கியபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அவர் வந்த வேளை நல்ல வேளையன்று. 1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கொம்பனியார், ஆட்சியைச் சென்னையிலிருந்து வந்த உத்தியோகத்தர் கையில் ஒப்படைத்திருந்தனர். அவர்கள் முதலியார்மாரை ஒதுக்கித் தங்கள் ஆட்களை வைத்து வரி தண்டினர். தென்னை மரங்களுக்கும் வரி விதித்தனர். 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். விசாரணைக் குழு கூடி, மரவரியை நீக்கவும் பழைய முதலியார்மாரை மீண்டும் அமர்த்தவும் ஆலோசனை சொல்லியது. புதிய தேசாதிபதியோ இரண்டு எசமானர்களுக்கு ஊழியம் செய்யவேண்டியவர். ஒருபுறம் முடி, மறுபுறம் கொம்பனி. 1802 ஜனவரி முதலாம் நாள் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாகும்வரை இந்த இரட்டை ஆட்சி நீடித்தது. சென்னை உத்தியோகத்தருக்கும் அவருக்கும் இடையே இருந்த பகைமை ஒரு தனிக் கதை; அதை இங்கு விரிக்கவேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது முத்து. ஆங்கிலேயர் வந்த முதல் மூன்று ஆண்டுகளிலும் இந்த அரிப்புக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. நெடுங்காலம் ஓய்ந்து கிடந்த பார்கள் ஆதலின் விளைவு பெரிது. 1797இல் அரசாங்கத்துக்குக் கிடைத்தது 1,44,000 பவுண் என்றும், 1798இல் 1,92,000 பவுண் என்றும் பழைய ஆங்கில நூல்கள் கணக்குக் கூறும். புதிதாக வரும் தேசாதிபதியின் காதில் இத்தொகை எப்படி ஒலித்திருக்கும்! இலங்கை என்பது கடலுக்கடியில் கருவூலம் வைத்திருக்கும் நாடு என்றல்லவா அவர் எண்ணியிருப்பார்?

இந்தச் சலாபத்தின் முறையை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். மாசி பங்குனி மாதங்களில் வாடைக் காற்று ஓய்ந்து, சோளகம் எழுமுன், கடல் குளம்போல் கிடக்கும். அக்காலத்தில் காயல்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி முதலிய ஊர்களிலிருந்தும் யாழ்ப்பாணக் கரையிலிருந்தும் வள்ளங்கள் வந்து குவியும். பரதவரும் மரைக்காயரும் குளியாட்கள். நள்ளிரவில் தரைக்காற்றோடு புறப்பட்டு, விடியலில் பாரை அடைந்து, காலால் கல்லைப் பற்றி ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழத்தில் இறங்கி, மூச்சடக்கியிருக்கும் ஒரு நிமிட நேரத்துக்குள் சிப்பிகளைக் கூடையில் வாரி, கயிற்றை அசைப்பார்கள். மேலிருப்பவன் தூக்குவான். அவன் கவனம் பிசகினால் கீழே போனவன் வரமாட்டான். சுறா வாயைக் கட்டுவதற்கென்றே மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' ஒருவன் கரையில் இருப்பான்; அவன் இல்லாமல் குளியாள் நீரில் இறங்கான்; ஆதலின் அரசாங்கமே அவனுக்குப் படி கொடுத்து வைத்திருந்தது. கொண்டுவந்த சிப்பிகளைக் 'கொட்டு' என்னும் அடைப்புகளில் குவித்து அழுகவிடுவார்கள். அந்த நாற்றத்தையும் இலையான் கூட்டத்தையும் கண்டவர்கள் முத்தை அணிய விரும்பார் என்பது வழக்கு. 1906இல் மரிச்சுக்கட்டிக் குளிப்பில் இளம் உத்தியோகத்தராகக் கடமை பார்த்த லெனாட் வூல்ப், பிற்காலத்தில் இக்குளிப்பைப் பின்னணியாக வைத்துச் சிறுகதையே எழுதினார்.

ஓராண்டுக் குளிப்புக்குப் பின் பார்கள் ஓயவேண்டும். சிப்பி முதிர்ந்து முத்துக்கொள்ள நாலைந்து ஆண்டுகள் செல்லும். இதைக் கரையிலுள்ள சிறுவனும் அறிவான். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து குளித்துப் பார்களை வெறுமையாக்கிவிட்ட பின்னரே நோர்த் வந்து சேர்ந்தார். 1798இன் தொகையை அவர் காலத்துக் குளிப்பு எதுவும் எட்டவில்லை.

அவர் செய்த நன்மைகளைக் குறைத்துச் சொல்லுவது பாவம். 1799 செப்டெம்பரில் வெளியிட்ட பிரகடனத்தால் சித்திரவதையையும், சக்கரத்தில் கட்டி எலும்பு முறிப்பது போன்ற ஒல்லாந்தர் காலத்துக் கொடுந் தண்டனைகளையும் நீக்கினார். அமைதியாக வாழும் எவரும் தத்தம் சமயத்தை அனுட்டிக்கலாம் என்றும் அறிவித்தார். மன்னார்க் கரையில் இதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை. ஒல்லாந்தர் கெடுபிடிக்கு அஞ்சி மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை 1670இல் மடுக் காட்டுக்கு எடுத்துச் சென்ற மக்களின் வழிவந்தவர்களல்லவா இங்குள்ள கத்தோலிக்கர்? கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தச் சட்டங்கள் முற்றாக ஒழிந்தது 1806இல், அடுத்த தேசாதிபதி காலத்தில்தான். எனினும் முதல் கதவைத் திறந்தவர் நோர்த். 1801ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தின்படி, நம் பாட்டன்மார் 'சுப்பிரீம் கோடு' என்று அழைத்த உயர் நீதிமன்றம் தோன்றியது. 1802இல் அரசாங்க வர்த்தமானி வெளிவரத் தொடங்கியது. அம்மைப்பால் குத்தும் முறையும் அவ்வாண்டே வந்தது. ஒல்லாந்தர் விட்டுப்போன பாடசாலைகள் மறுபடி உயிர்பெற்றன. ஆனால் செலவு மிகுதி என்று இங்கிலாந்து கண்டிக்கவே, அவற்றின் உயிர் நெடிது நிற்கவில்லை.

பணமில்லை. எல்லாத் துன்பமும் அங்கேதான் தொடங்கியது. மரவரிக்குப் பதிலாக அவர் கண்ட உபாயம் நகை வரி! பொன்னும் மணியும் அணிய விரும்புவோர் அரசாங்கத்துக்குக் கட்டணம் செலுத்தி அனுமதி பெறவேண்டும். முத்து விளையும் நாட்டில் முத்தணிய வரி. இதைக் கொண்டுவந்தவர் கொடியவர் அல்லர். ஏழையின் தென்னைக்கு வரி போடுவதைவிடச் செல்வரின் ஆபரணத்துக்கு வரி போடுவது நீதி என்று எண்ணிய நல்லவரே. தாலியும் தோடும் இந்நாட்டில் செல்வமன்று, மானம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. அங்கங்கே குழப்பம் எழுந்தது. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை நீக்கி, நிலத்துக்குத் தானிய வரி விதிக்க அவர் 1801இல் எடுத்த முயற்சியும் இவ்வாறே. எண்ணம் உயர்ந்தது, அவசரம் பெரிது. தலைமுறைகளாய் வேரோடிய முறையைச் சில மாதத்தில் பெயர்க்கப் பார்த்தார்.

இனிக் கண்டி. அப்போது கண்டிச் சிங்காசனத்தில் இருந்தவன் மதுரை நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். 1798இல் அவனை அரசனாக்கியவன் முதன் மந்திரியான பிலிமத்தலாவை. ஆக்கியவனே அழிக்கவும் திட்டமிட்டான். 1799 தொடக்கம் அவன் நோர்த்துடன் அவிசாவளையில் சந்தித்து இரகசியம் பேசினான். அரசனைத் தொலைக்க ஆங்கிலேயர் துணைவேண்டும் என்றான். கொலைக்கு உடன்படமாட்டேன் என்றார் நோர்த். மிதவாதியல்லவா? ஆயினும் அப்பேச்சைக் கொண்டுவந்தவனைத் துரத்தவில்லை. அரசனுக்கு எச்சரிக்கையும் செய்யவில்லை. அரசன் உயிரோடு இருக்கட்டும், கண்டியில் ஆங்கிலப் படை மட்டும் இருக்கட்டும் என்று பேரம் பேசினார். 1800இல் ஜெனரல் மக்டவல் தூதுவராகப் போனார். தூதுக்குத் துணையாகச் சென்றது ஒரு சேனை. மலைவழி இடங்கொடாமையால் சேனையின் பெரும்பகுதி வழியில் நின்றது; தூதும் வெறுங்கையோடு திரும்பியது.

நான் பலகாலம் இந்த இடத்தை வேகமாகக் கடந்து சென்றிருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்க்கையில், அவர் அரசியல் வாழ்வின் மையம் இதுவே என்று படுகிறது. நோர்த் எந்த ஒரு நிலையிலும் தீமையை முழுதாகத் தழுவியவரல்லர். கொலை வேண்டாம், சூழ்ச்சி மட்டும். போர் வேண்டாம், படை மட்டும் என்று ஒவ்வொரு படியிலும் பாதித் தூரம் சென்றார். பாதிப் பாதியாக நடந்தே முழுத்தூரத்தையும் கடந்துவிட்டார்.

1802இல் புத்தளம் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டியார் பறித்தனர். நட்டஈடு கேட்டார் நோர்த், தாமதமாயிற்று, 1803 ஜனவரியில் போர் மூண்டது. பெப்ரவரியில் ஆங்கிலப் படை வெறிச்சோடிய கண்டி நகருக்குள் புகுந்தது. ஆங்கிலேயர் பாதுகாப்பிலிருந்த முத்துசாமி என்பவருக்கு முடிசூட்டினார்கள். ஊர் அவரை அரசரென ஏற்கவில்லை. காய்ச்சல் சிப்பாய்களைக் கொள்ளைகொண்டது. ஜூன் 24ஆம் நாள் மேஜர் டேவி சரணடைந்தார். பெருகி ஓடிய மகாவலி கங்கையின் வட்டபுளுவைத் துறையில் ஓடமின்றித் தவித்தபோது, முத்துசாமியைக் கையளிக்கும்படி கண்டியார் கேட்டனர். கையளித்தார்கள். அவர் கொல்லப்பட்டார். பின் படையும் கொல்லப்பட்டது. கண்டியில் விட்டுவந்த நோயாளிகளும் தப்பவில்லை. டேவி மட்டும் சிறையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து அங்கேயே மாண்டார்.

அரிப்பு ஊரில் மற்றொரு பழைய கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறு கோட்டை. கண்டியரசன் சிறையில் பத்தொன்பது ஆண்டுகள் இருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், காடும் ஆறும் கடந்து 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்து விடுதலையடைந்த இடம் அதுவே. நொக்ஸ் பிழைத்து வந்த வழி டேவிக்குக் கிட்டவில்லை. ஒரே ஊரில் இரண்டு இடிபாடுகள். ஒன்று கண்டியிலிருந்து தப்பி வந்தவன் மூச்சுவிட்ட இடம், மற்றது கண்டிக்குப் படை அனுப்பியவர் காற்று வாங்க எழுப்பிய இடம்.

தீ கண்டியோடு நிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைக் கைப்பற்றினான். மன்னாரிலிருந்து புறப்பட்ட கப்டன் வொன் டிறிபேக், ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். அத்தோல்வியைக் குறிக்க அங்கு ஆங்கிலேயர் ஒரு கல்லும் நாட்டினர். கல் நாட்டியவர்கள் தங்கள் வெற்றியை நினைவூட்டக் கருதினார்கள். ஆனால் வன்னி மக்கள் நெஞ்சில் நின்றது தோற்றவன் பெயர்.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்த 1801 முதல் 1804 வரையான ஆண்டுகளில்தான் அரிப்பு மாளிகை எழுந்தது. குளிப்புக் காலத்தில் தேசாதிபதி தங்குவதற்கென அவரே வரைபடம் வகுத்தது. கிரேக்கருடைய டோரிக் முறைத் தூண்கள், இரண்டு மாடிகள், மேலிருந்து பார்த்தால் வள்ளங்கள் போவதும் வருவதும் கண்ணுக்கு விருந்து. நோர்த்தோடு இருந்த பாதிரியார் கார்டினர், 1807இல் வெளியிட்ட தமது இலங்கை நூலில், இத்தீவிலேயே மிக அழகிய கட்டடம் என்று இதைப் போற்றியுள்ளார். இன்றும் 'டோரிக்' என்றே இதற்கு ஆங்கிலத்தில் பெயர். அழகை நானும் மறுக்கவில்லை. மாலை வெயில் அந்தச் சுண்ணச் சுவரில் படும்போது கல்நெஞ்சனும் சற்று நிற்பான். எனினும், பாடசாலைக்குப் பணமில்லை என்று கடிதம் எழுதிய கைதான் இந்தத் தூண்களுக்கும் கணக்கு எழுதியது என்று நினைக்கையில் மனம் கசக்கிறது.

1805 ஜூலையில் நோர்த் நாடு நீங்கினார். அவர் இடத்துக்கு வந்த தோமஸ் மெயிட்லண்ட் இனிமையான மனிதர் என்று எவரும் சொன்னதில்லை, முரடர், சிக்கனக்காரர். ஆனால் அவர் கண்டிமீது புதிய படையெடுப்பு எதையும் நடத்தவில்லை. சண்டை அவர் காலத்தில் தானே ஓய்ந்தது. மென்மையானவர் தொடங்கியதை முரடர் நிறுத்தினார்! விதியின் விளையாட்டு அத்துடன் முடியவில்லை. நோர்த் பின்னர் கில்போர்ட் பிரபுவாகி, தம் காதலுக்குரிய கோர்புவில் கிரேக்கருக்கு ஒரு சர்வகலாசாலை அமைக்க முனைந்தபோது, அங்கு ஆட்சித் தலைவராக வந்து குறுக்கே நின்றவரும் இதே மெயிட்லண்ட்தான். 1824இல் மெயிட்லண்ட் இறந்த பின்னரே அந்தக் கலாசாலை திறந்தது. அதன் தலைவராகப் பழங்கிரேக்கர் உடை தரித்து நடந்தார் நோர்த். 1827இல் இலண்டனில் காலமானார். கிரேக்கர் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். அங்கே அவரிடம் சேனை இருக்கவில்லை. வரி தண்டும் அதிகாரமும் இருக்கவில்லை. புத்தகங்கள் மட்டுமே இருந்தன.

முத்தும் போய்விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கொம்பனியொன்று பார்களைக் குத்தகைக்கு எடுத்துச் சில ஆண்டுகளில் நொடித்தது. அதன் பின் பெருங்குளிப்புகள் அருகி ஒழிந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் இப்பகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் நடந்த போரில் எஞ்சியவர்களும் சிதறினார்கள். 2009க்குப் பின் மெல்ல மெல்லத் திரும்பியவர்களின் வீடுகள் சிலாவத்துறையிலும் கொண்டச்சியிலும் மறுபடி எழுந்தன. இவ்வளவையும் அந்தச் சுவர்கள் ஆளில்லாமல் நின்று பார்த்திருக்கின்றன.

நான் புறப்படும்போது வெயில் சாய்ந்திருந்தது. பெரியவர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு என்னோடு சிறிது தூரம் நடந்தார்.

"மாஸ்டர், நீங்கள் சொன்ன அந்தத் தேசாதிபதி, பிறகு எப்பவாவது வந்து இந்த வீட்டைப் பார்த்தவரோ?"

"இல்லை ஐயா. போனவர் போனதுதான்."

"முத்துக் குறைஞ்சதும் போயிட்டார்," என்றார் அவர்.

காலக்கணக்கு அப்படியல்ல என்று திருத்த வாயெடுத்தேன். பிறகு பேசாமல் பஸ்சை நோக்கி நடந்தேன்.